ஆஸ்டர் விமானத்தின் பழைய கருவிகள்: முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் கிள்ளானைச் சேர்ந்த தம்பி ஒருவரும் அவருடைய மூன்று நண்பர்களும் பணம் போட்டு, 1940களின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த ஆஸ்டர் விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். துணி போர்த்திய சின்ன விமானம். மீண்டும் பறக்க வைக்க ஆசை. பேனலில் உள்ள கருவிகள் எல்லாம் அதோடு பிறந்தவை. வேகமானி அசையவே இல்லை, உயரமானி ஒட்டி ஒட்டி நகர்கிறது, விமானம் திரும்பும் வேகத்தைக் காட்டும் திருப்பமானியின் முள் சோம்பல், திசைகாட்டியில் பாதி காற்று, டயல்கள் மஞ்சளித்துவிட்டன. ஒரு நண்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஒரு மின்னணுத் திரையை மாட்டலாம் என்கிறார். இன்னொருவர் காணொளி பார்த்து வீட்டிலேயே திறந்து டயலுக்குச் சாயம் பூசலாம் என்கிறார். தம்பிக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. எதைக் காப்பாற்றலாம், எதை நம் கையால் செய்யலாம் என்று கேட்கிறார்.

நான் சுபாங்கில் கருவிப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவன். பெரிய விமானங்களின் கருவிகள்தான் சோறு போட்டன. ஆனால் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் சாயங்காலம் வந்து ‘அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் பழசின் மேல் பித்துப் பிடித்தது. அதுவும் ஆஸ்டர் என்றால் கூடுதல் பிரியம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் 656ஆம் படைப்பிரிவின் ஆஸ்டர்கள் ரப்பர் மரங்களின் தலையை உரசுகிற மாதிரி போகும் என்று தோட்டத்தில் வேலை செய்த என் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ‘செத்துவிட்டது’ என்று எழுதிய நாலு கருவிகளில் குறைந்தது இரண்டு உயிரோடுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். பழைய விமானத்தில் கருவி கெடுவதைவிடக் கருவிக்குப் போகும் குழாய் கெடுவதுதான் அதிகம். எல்லோரும் டயலைப் பார்த்து ஏங்குகிறார்கள், பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பவர் குறைவு. ஆகவே எந்தக் கருவியையும் கழற்றாதீர்கள். முதலில் பின்னால் போய்ப் படுங்கள்.

அங்கே என்ன பார்க்க வேண்டும்? இறக்கைப் பக்கம் இருக்கும் பிட்டோ குழாயிலிருந்து பேனல் வரை இரண்டு மெல்லிய உலோகக் குழாய்கள் வரும். ஒன்று எதிர்க்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவருவது, மற்றது வெளிக்காற்றின் அமைதியான அழுத்தத்தை, அதாவது ஸ்டாட்டிக்கை. இறக்கை உடம்போடு சேரும் இடத்திலும் கருவியோடு சேரும் இடத்திலும் ரப்பர் இணைப்புகள் இருக்கும். எழுபது வருஷத்து ரப்பர், அதுவும் நம்ம ஊர் வெக்கையில், பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். நகத்தால் அழுத்துங்கள், உதிர்ந்தால் அதுதான் உங்கள் வேகமானியின் நோய். அடுத்தது குளவி. இங்கே ஒரு விமானத்தை மூடியில்லாமல் ஒரு வாரம் நிறுத்தினால் போதும், பிட்டோ வாயில் மண்ணைக் குழைத்து வீடு கட்டிவிடும். நான் பார்த்த ‘செத்த’ வேகமானிகளில் பல, குளவி மண்ணைக் கம்பியால் எடுத்ததும் எழுந்து உட்கார்ந்தன. கருவிப் பக்கம் குழாயைக் கழற்றிவிட்ட பிறகுதான் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கருவி மாட்டியிருக்கும்போது கம்ப்ரஸர் காற்றை அடித்தீர்களோ, அப்புறம் என்னிடம் வராதீர்கள்.

வாயால் ஊதுவதும் அதே கதைதான். இதை என் சொந்த வெட்கத்திலிருந்து சொல்கிறேன். பட்டறையில் சேர்ந்த முதல் வருஷம், மேசையில் ஒரு சின்ன விமானத்தின் வேகமானி கிடந்தது. முள் ஆடுகிறதா பார்ப்போமே என்று பின்பக்க மூக்கில் வாயை வைத்து ஒரு ஊது ஊதினேன். ‘டிக்’ என்று சின்னச் சத்தம். முள் கடைசி எண்ணைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவில்லை. உள்ளே இருப்பது அடுக்கி ஒட்டிய இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், அப்பளம் மாதிரி. அதற்குத் தேவை ஒரு பெருமூச்சில் பாதிகூட இல்லை. மணிக்கு 120 மைல் காட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் 18 சென்டிமீட்டர் தண்ணீரைத் தூக்கும் அளவுதான். ஆள் நன்றாக ஊதினால் அரை மீட்டருக்கு மேல் தூக்குவான். என் மூத்தவர் ஒன்றும் திட்டவில்லை. அந்தக் கருவியை என் மேசையிலேயே ஒரு வருஷம் வைத்திருந்தார்.

இந்தத் தண்ணீர்க் கணக்கிலேயே உங்களுக்கு ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் இரண்டு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ‘ப’ என்ற எழுத்து மாதிரி ஆணியடித்து மாட்டுங்கள். பாதிக்குத் தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை கேசரி கலர். பக்கத்தில் ஓர் அளவுகோல். ஒரு முனையில் டி மாதிரி இணைப்பு வைத்து ஒரு கிளை வேகமானியின் பிட்டோ மூக்குக்கு, மறு கிளை ஊசியில்லாத மருத்துவச் சிரிஞ்சுக்கு. ஸ்டாட்டிக் மூக்கு திறந்தே இருக்கட்டும். சிரிஞ்சை மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள்.

இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் முள் 40 மைலில் நிற்க வேண்டும். 45 வந்தால் 60 மைல், 80 வந்தால் 80 மைல், 125 வந்தால் 100 மைல், 180 வந்தால் 120 மைல். மனப்பாடம் வேண்டாம், மைலை மைலால் பெருக்கி 80ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் வந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும் என்ற இயற்பியல்தான் இது. கவனிக்க வேண்டியது, ஒரு பக்கம் 40 இறங்கினால் மறுபக்கம் 40 ஏறும், வித்தியாசம் 80. முதல் தடவை எல்லோரும் ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டுக் கருவி பொய் சொல்கிறது என்று கத்துவார்கள்.

100 மைலில் நிறுத்தி, குழாயைக் கிள்ளிப் பிடித்து ஒரு நிமிஷம் பாருங்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் கருவி கசியவில்லை. தண்ணீர் மெதுவாகச் சமமானால் கசிவு இருக்கிறது, ஆனால் அது உங்கள் டி இணைப்பிலும் இருக்கலாம், முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் நிற்கிறது, முள் மட்டும் வரவில்லை என்றால்தான் உள்ளே கோளாறு.

அடுத்து ஸ்டாட்டிக் பக்கம். அமெரிக்க விதிகளில் ஒரு சோதனை உண்டு, நாங்களும் பழக்கத்தில் அதையே வைத்திருந்தோம். வேகமானிக்கு அடி விழாமல் இருக்க பிட்டோ, ஸ்டாட்டிக் இரண்டு வாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, அதில் சிரிஞ்சை மாட்டி மெல்ல உறிஞ்சி, உயரமானி இப்போது காட்டுவதைவிட 1,000 அடி கூடக் காட்டும் வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு நிமிஷத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் ஒவ்வோர் இணைப்பாகக் கிள்ளிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஏற்ற இறக்கமானி ஒன்று பேனலில் இருந்தால் அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சுங்கள், அதன் எல்லையைத் தாண்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். விடும்போதும் படீரென்று விடக் கூடாது. அங்கேதான் பலபேர் தோற்கிறார்கள். பொறுமையாக உறிஞ்சிவிட்டு, முடிந்த சந்தோஷத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள்.

இவ்வளவும் செய்தபின் எது நிஜமாகவே நோயாளி என்று தெரியும். இப்போதுதான் கழற்றும் பேச்சு. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு விஷயம், இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

உங்கள் டயலில் எண்கள் மேலும் முள்ளின் மேலும் தடித்த, மொரமொரப்பான, பழுப்பு மஞ்சள் பூச்சு இருக்கிறது. இருட்டில் ஒளிரவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று உங்கள் நண்பர் சொல்கிறார். தலைகீழாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் இருட்டில் தெரிவதற்காக ரேடியத்தைத் துத்தநாக சல்பைடோடு கலந்து பூசினார்கள். ஒளிர்ந்தது துத்தநாக சல்பைடு. அது சில பத்தாண்டுகளில் களைத்துப்போய் அணைந்துவிடும். ரேடியம் அணையாது. ரேடியம் 226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. உங்கள் பேரன் அந்த விமானத்தை விற்கும்போதும் அது அப்படியேதான் இருக்கும்.

கண்ணாடி மூடியிருக்கும் வரை பெரிய பயம் இல்லை. திறந்து, சுரண்டி, தேய்த்தால்தான் வினை. தூள் மூச்சிலோ வாயிலோ போனால், உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் கொண்டுபோய் வைக்கும். முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் அமெரிக்காவில் கடிகார டயல்களுக்கு இந்தப் பூச்சைப் பூசிய பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் பலர் தாடை அழுகிச் செத்தார்கள். இது போதும். ஆகவே சமையல் மேசையில் திறக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவி வைத்திருப்பவர் யாரையாவது கூட்டிவந்து ஒவ்வொரு கருவியையும் அளந்து, ‘உண்டு’, ‘இல்லை’ என்று சீட்டு ஒட்டுங்கள். உண்டு என்பவற்றைக் கழற்றினால் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு வந்துகொண்டே இருக்கும், பத்துப் பதினைந்து கருவிகளைப் படுக்கையறை அலமாரியில் பூட்டி வைப்பது நல்லதில்லை. நம் நாட்டில் கதிரியக்கப் பொருளைக் கையாள்வதும் கைமாற்றுவதும் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வரும். தபாலில் அனுப்புவதற்கு முன் அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டி பதிலே இல்லை.

சரி, டயலுக்குச் சாயம் பூசலாமா? ரேடியம் இல்லாத டயலாக இருந்தாலும் என் பதில், வேண்டாம். மஞ்சளித்த எண்ணுக்கும் படிக்க முடியாத எண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மஞ்சளித்ததை அப்படியே விடுங்கள். அந்த எழுத்தின் வடிவம், அதை அச்சடித்த மையின் கனம், போர்க்காலக் கருவி என்றால் கிரீடமும், பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தைக் குறிக்கும் ஏ.எம். என்ற எழுத்தும் 6ஏ என்று தொடங்கும் பண்டக எண்ணும், இவற்றைக் கடைத் தூரிகையால் திரும்பக் கொண்டுவர முடியாது. புதுக் கருவி மாதிரி மின்னும் ஒரு பேனலை நான் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது, கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கும் அலங்கார வளைவு மாதிரி. இது என் ருசி, உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ஒன்று ருசி சம்பந்தப்பட்டதல்ல. பழைய வேகமானியில் வேக எல்லைகளைக் காட்டும் பச்சை, வெள்ளை வளைவுகள் இல்லையே என்று டயலில் வரையாதீர்கள். எல்லைக்கோடு கட்டாயம் வேண்டும் என்றால் கண்ணாடியின் மேல் வரைந்து, கண்ணாடியிலிருந்து சட்டத்துக்கு ஒரு சின்ன வெள்ளைக்கோடு இழுங்கள். கண்ணாடி திரும்பிவிட்டால் அந்தக் கோடு இரண்டாக முறிந்து காட்டிக்கொடுக்கும்.

உயரமானிக்கு வருவோம், எனக்குப் பிடித்த கருவி இதுதான். உள்ளே காற்றை உறிஞ்சி மூடிய சிறு உலோகக் குப்பிகள். மேலே போகப் போக வெளியழுத்தம் குறையும், குப்பி உப்பும், அந்த மயிரிழை அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளுக்குத் தரும். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 27 அடி ஏறியதாகக் காட்டும். இந்த நுட்பத்தில் அன்றைய அழுத்தத்தைத் திருகி வைக்கும் ஜன்னலைக் கொண்டுவந்தவர் பால் கோல்ஸ்மன். அவர் செய்த உயரமானியை வைத்துத்தான் 1929 செப்டம்பரில் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஏறி, சுற்றி, இறங்கினார்.

உங்களுடையது ஒட்டி ஒட்டி நகர்கிறது என்றால் குப்பி நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். குப்பியில் ஓட்டை விழுந்திருந்தால் முள் கதையே வேறு, எங்கேயோ ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடும். ஒட்டுவது காய்ந்த எண்ணெயால். அறுபது எழுபது வருஷத்தில் எண்ணெய் பிசினாகிவிடும். அதற்காக யாரும் எதையும் பீய்ச்சாதீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் பினாங்கு என்பதால் ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போவது வழக்கம். அங்கே ஒரு நாள், கடிகாரங்களுக்கும் பித்தளைப் பூட்டுகளுக்கும் நடுவே ஓர் உயரமானி. கைகர் வைத்துப் பார்த்தேன், பேசவில்லை. 80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிவந்தேன். வீட்டில் திறந்ததும் மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் அடித்தது. யாரோ புண்ணியவான் துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பின்பக்க ஓட்டை வழியாக அடித்திருக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்த்தால், தலைமுடியைவிட மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் எண்ணெயில் நனைந்து, நனைந்த கூந்தல் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. சுற்றுகள் ஒட்டினால் வில்லின் நீளம் குறைந்த மாதிரி, முள் தன் இஷ்டத்துக்கு எண்ணைக் காட்டும். டயலின் பின்னாலும் எண்ணெய் ஊறி, 4க்கும் 5க்கும் நடுவே ஒரு கறை. சுருளைப் பிரித்துச் சுத்தம் செய்ய மூன்று நாள் சாயங்காலம் போயிற்று. கறை போகவில்லை. காலம் கெடுக்காத ஒன்றை ஒரு நொடி அவசரம் கெடுத்திருந்தது.

அந்த உயரமானியை மடியில் வைத்துக்கொண்டு பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறினேன் என்றால் சிரிப்பீர்கள். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி எடை பார்க்கும் தராசா என்று கேட்டார். முள் வழுக்கிக்கொண்டு ஏறியது, ஒட்டவில்லை. ஆனால் இப்படிச் சோதிப்பவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நிஜமாக 2,000 அடி ஏறினால் கருவி கிட்டத்தட்ட 1,900 என்றுதான் காட்டும். கருவியில் பழுதில்லை. உயரமானி உலகம் முழுக்கக் கடல்மட்டத்தில் 15 டிகிரி என்று நினைத்துச் செய்யப்பட்டது. நம்ம ஊரில் 30. சூடான காற்று விரிந்து நிற்பதால் அதே அழுத்தக் குறைவுக்கு நாம் கூட ஏற வேண்டியிருக்கிறது. 10 டிகிரிக்கு ஏறத்தாழ 4 சதவீதம். இதைத் தெரியாமல் உள்ளே திருகைத் திருகி ‘சரி’ செய்த உயரமானிகளை நான் மறுபடி கெடுத்துச் சரியாக்கியிருக்கிறேன். மலையேற்றம் ஒட்டுகிறதா வழுக்குகிறதா என்று பார்க்க மட்டும். எண் சரியா என்று சொல்ல அழுத்தக் கூண்டு உள்ள பட்டறைதான் வேண்டும்.

திருப்பமானியை என்னிடம் கேட்டால் வீட்டில் தொடவே கூடாது என்பேன். அதன் உள்ளே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் சக்கரம், இரண்டு நுண்ணிய தாங்கிகள் மேல். உங்கள் விமானத்தின் பக்கவாட்டில் ஒரு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது வெஞ்சுரி. காற்று அதன் இடுக்கில் பாயும்போது உறிஞ்சல் உண்டாகி, அந்த உறிஞ்சல்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சோம்பல் முள்ளுக்கு முதல் காரணம் அடைத்த வடிகட்டியும் ஓட்டைக் குழாயும். இந்த வகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் பாதரசத்தில் 2 அங்குல உறிஞ்சல் போதும், உங்கள் கருவியின் கையேட்டில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. வீட்டு வேக்குவம் கிளீனரை மாட்டிப் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது 5, 6 அங்குலம்கூட இழுக்கும். இத்தனை வருஷம் தூங்கிய தாங்கியை அந்த வேகத்தில் எழுப்பினால் அதோடு சரி.

பட்டறையிலிருந்து வந்தபின் சரிபார்க்க ஒரு விளையாட்டு வழி இருக்கிறது. டயலில் முதல் கோடு காட்டும் திருப்பம் என்றால் வினாடிக்கு 3 டிகிரி, முழுச் சுற்றுக்கு 2 நிமிஷம். சீன உணவகத்தில் வட்ட மேசை நடுவே இருக்கும் சுழல்தட்டு ஒன்றைக் கடன் வாங்கி, கருவியை அதன் மேல் நிறுத்தி, சரியான உறிஞ்சலைக் கொடுத்து, கடிகாரம் பார்த்து 2 நிமிஷத்தில் ஒரு சுற்று சீராகச் சுற்றுங்கள். முள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். நிறுத்தியதும் கருவியைத் தூக்காதீர்கள். உறிஞ்சல் நின்ற பின்னும் சக்கரம் சில நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும், அந்த நேரம் கவிழ்த்தால் தாங்கியில் வடு விழும். இன்னொன்று, ரீட் அண்ட் சிக்ரிஸ்ட் செய்த பிரிட்டிஷ் திருப்பமானி என்றால் கண்ணாடிக் குழாயும் பந்தும் இருக்காது, மேலே ஒரு முள் கீழே ஒரு முள். ‘பந்து காணாமல் போய்விட்டது’ என்று ஒருவர் எனக்கு இரவு பதினொன்றுக்கு அழைத்தார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். எண்ணெய் அழுத்தமானி ஒரு வளைந்த குழாய், எளிமையான பிறவி, பெரும்பாலும் பிழைக்கும். எண்ணெய் வெப்பமானிக்கு எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய கம்பி மாதிரி இருப்பது கம்பியல்ல, உள்ளே ஆவியாகும் திரவம் உள்ள குழாய். நீளமாக இருக்கிறதே என்று வெட்டினால் கருவி அங்கேயே முடிந்தது. எஞ்சின் வேகத்தைக் காட்டும் சுற்றுமானியின் முள் துடித்தால் முதலில் அதை ஓட்டும் நீண்ட கேபிளை வெளியே இழுத்துத் துடைத்துக் கிரீஸ் போடுங்கள். ஸ்மித்ஸ் க்ரோனோமெட்ரிக் வகை என்றால் முள் படிப்படியாகத் தாவுவது அதன் சுபாவம், பழுதல்ல.

திசைகாட்டி உங்கள் படத்தில் வளையத்தைத் திருப்பிக் கோடுகளை இணையாக்கும் வகை. அதன் முள்ளிலும் வளையத்திலும் ரேடியம் பூசுவது அப்போது வழக்கம், உதிர்ந்த துகள் திரவத்திலேயே மிதக்கலாம். அதனால் நீங்களே திறந்து வடித்து நிரப்புவது கூடாது, சிங்க்கில் கொட்டுவது அறவே கூடாது. பிரிட்டிஷ் வகையில் சாராயம், அமெரிக்க வகையில் மண்ணெண்ணெய் மாதிரியான திரவம். மாற்றி ஊற்றினால் சாயமும் ரப்பரும் கெடும். நிரப்பி வந்தபின் ஒரு நல்ல செய்தி. இங்கிலாந்தில் காந்தக் கோடுகள் தரையை நோக்கி மிகச் சரிவாகப் பாயும், அதனால்தான் அங்கே திருப்பத்தில் திசைகாட்டி பொய் சொல்லும் என்று பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நம் ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். கோடுகள் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கின்றன, அந்தப் பிழை இங்கே பெயருக்குத்தான். கோலாலம்பூரில் காந்த வடக்கும் வரைபட வடக்கும்கூட ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆஸ்டரின் உடம்பு பற்றவைத்த இரும்புக் குழாய். அதுவே காந்தமாகியிருக்கும். இரும்புக் கொட்டகையை விட்டுத் தள்ளி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, எட்டுத் திசையிலும் பிழையை எழுதி அட்டை மாட்டியே ஆக வேண்டும். அந்த நேரம் சட்டைப் பையில் கைபேசி வேண்டாம்.

திரை மாட்டும் நண்பருக்கும் ஒரு பதில். அவரை விரட்ட வேண்டாம். கழற்றி மாட்டக்கூடிய சின்னத் திரை ஒன்று, பேனலில் ஓட்டை போடாமல், முழங்கால் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். பேனலில் உள்ளது பறப்பதற்கான சட்டபூர்வக் கருவி, திரை துணைக்கு. பறக்கும் விமானத்தில் மாட்டும் கருவிக்கு அங்கீகாரம் பெற்ற பட்டறையின் சான்றிதழும் உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்தும் வேண்டும். விமானப் போக்குவரத்து அதிகாரிகள், முன்பு டிசிஏ, 2018இலிருந்து சிஏஏஎம், யாராக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. ஆகவே நான் மேலே சொன்ன தண்ணீர்க் குழாயும் சுழல்தட்டும் எதை அனுப்புவது என்று முடிவு செய்யத்தான். அனுப்பும்போது சக்கரம் உள்ள கருவியைக் குழந்தையை மூட்டை கட்டுகிற மாதிரி கட்டுங்கள், பெட்டிக்குள் பெட்டி, நடுவே பஞ்சுநுரை. நான் வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒன்று போகும்போது நோயாளி, வரும்போது நலமாகி, சுங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்த லாரியில் செத்தது.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உயரமானியைப் பிடித்திருக்கும் நாலு திருகில் மூன்று மங்கிய பித்தளை, கீழே இடது பக்கம் உள்ளது மட்டும் பளபளக்கும் எஃகு, நட்சத்திர வாய். பழைய பிரிட்டிஷ் கருவிக்கு பிஏ அளவுத் திருகு. நம்ம ஊர் இரும்புக் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் அளவு, அதை வலுக்கட்டாயமாக முறுக்கியிருந்தால் உள்ளே மரை போயிருக்கும். திசைகாட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் எஃகு வேறு. விற்றவரை அழைத்து, அந்தத் திருகை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் அந்த உயரமானியை அடுத்து என்ன செய்வது என்று நான் சொல்ல முடியும்.